ஓடுவதற்கு இரண்டு கால் போதும், நிற்பதற்கு?

புதுக்கோட்டை மாவட்டத்திலே கத்தக்குறிச்சி என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெண்ணொருவர் 2006ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கடல் கடந்து சென்று, கத்தார் நாட்டுத் தலைநகர் தோகாவிலே, ஆசியக் கண்டத்தின் தேர்ந்த ஓட்டக்காரிகளோடு ஒரே கோட்டில் நின்றார். தூரம் 800 மீட்டர். ஓடி முடித்த நேரம் 2 நிமிடம் 3.16 வினாடி. கிடைத்தது இரண்டாவது இடம். வெள்ளிப் பதக்கம்!

முதலில் வந்தவர் மரியம் யூசுப் ஜமால். எத்தியோப்பியாவில் பிறந்து, பஹ்ரைன் நாட்டுக் கொடியின்கீழ் ஓடியவர். மூன்றாவதாக வந்தவர் கசகஸ்தான் வீராங்கனை. அவருக்கும் நமது கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா, தோழர்களே? ஒரு வினாடியை நூறு கூறாக்கினால் அதிலே மூன்று கூறு! கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் கடந்துவிடும் நேரம். அந்த மூன்று கூறுக்காக அந்தப் பெண் சிந்திய வேர்வை எத்தனை ஆண்டு வேர்வை! பட்ட பாடு எத்தனை பாடு!

சாந்தி சௌந்தரராசன் என்ற அந்தப் பெயரை நாடு கொண்டாடியது சில நாட்களே. பெண்தானா என்று சோதித்தார்கள். சோதனையில் தேறவில்லை என்றார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். ஓட்டக்களத்தின் கதவை அடைத்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நமது மாவட்டத்து இளைஞர்கள், தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து ஏட்டைப் புரட்டும்போது கேட்கிறார்கள்: உலகப் போட்டியிலே அந்த நாட்டுக்காரன் வெல்கிறான், இந்த நாட்டுக்காரி வெல்கிறாள், நம்மவர் ஏன் வரவில்லை என்று. பக்கத்தில் இருக்கும் பெரியவர் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்: "அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும் தம்பி!"

பிறவி! இந்த ஒரு சொல்லை வைத்துத்தானே இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மை ஏய்த்தார்கள்! படிப்பு பிறவியிலே வரவேண்டும் என்றார்கள். பதவி பிறவியிலே வரவேண்டும் என்றார்கள். இன்று பதக்கமும் பிறவியிலே வரவேண்டும் என்கிறார்கள். இல்லை என்று மறுக்கிறோம். மறுப்பதற்குச் சான்றும் காட்டுகிறோம்.

முதல் சான்று சாந்தியே. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்துக் குடும்பம். அயலூரில் தாயும் தந்தையும் கல் அறுக்கப் போய்விட, மூத்த பிள்ளையான சாந்தி, தம்பியையும் தங்கைகளையும் வளர்த்த வீடு அது. அந்த வீட்டிலே தாத்தா ஒருவர் இருந்தார். அவரும் ஓட்டக்காரர். பேத்தியின் காலைப் பார்த்தார். குடிசைக்கு வெளியே இருந்த மண்தரையில் ஓடக் கற்றுக் கொடுத்தார். காலணி வாங்கித் தந்தார். அது முதல் கை.

பள்ளிப் போட்டிகளிலே சாந்தி வெல்லத் தொடங்கினார். வேறொரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் கண்டார். தம் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். கட்டணத்தைப் பள்ளி ஏற்றது, சீருடை தந்தது, சுடச்சுடச் சோறு போட்டது. மூன்று வேளையும் வயிறார உண்டது அப்போதுதான் முதன்முறை. அது இரண்டாவது கை. பிறகு புதுக்கோட்டைக் கல்லூரி, அதன்பின் சென்னைக் கல்லூரி. 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. அடுத்த ஆண்டு தோகா.

இதிலே பிறவி எங்கே இருக்கிறது? கால் பிறவியிலே வந்தது, ஒப்புக்கொள்கிறோம். காலணி பிறவியிலே வந்ததா? சோறு பிறவியிலே வந்ததா? தாத்தாவும் ஆசிரியரும் இல்லையென்றால் அந்தக் கால்கள் எங்கே ஓடியிருக்கும்? சூளைக்கும் குடிசைக்கும் இடையே ஓடியிருக்கும், தலையிலே செங்கல்லோடு! பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலே சோறு போட வேண்டும் என்று 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராசர் நாடெங்கும் விரித்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று வளர்த்ததும், 2022இல் காலை உணவும் சேர்ந்ததும் வெறும் கருணையா? இல்லை. பிள்ளைக்குள்ளே இருக்கும் ஆற்றல் வெளியே வருவதற்கு நாம் வெட்டிய வாய்க்கால் அது. வாய்க்கால் வெட்டாமல் வயல் விளையவில்லை என்று குறை சொல்லலாமா?

இவ்வளவு கைகள் சேர்ந்து தூக்கிவிட்ட பெண், தோகாவிலே தடுமாறிய நேரத்தில் எத்தனை கைகள் நீண்டன? இங்கேதான் கதை கசக்கிறது.

ஓட்டம் முடிந்தபின் மருத்துவர்கள் சோதித்தார்கள். எதற்காக இந்தச் சோதனை என்று தமக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை என்று பின்னாளில் சாந்தி கூறியிருக்கிறார். அவர் ஊக்கமருந்து உண்டவரல்லர், ஊசி போட்டுக்கொண்டவரல்லர், யாரையும் ஏமாற்றியவரல்லர். தாய் வயிற்றிலிருந்து வரும்போதே உடம்புக்குள் அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு, அவருக்கே தெரியாத ஒன்று. மருத்துவ அறையிலே மெல்லப் பேசப்பட வேண்டிய சேதி, நாற்சந்தியில் தண்டோராப் போட்டுச் சொல்லப்பட்டது. விளையாட்டு வழக்குகளைக் கேட்க சுவிட்சர்லாந்திலே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறதே, அங்கே சாந்திக்காக வழக்குப் போட நாட்டின் விளையாட்டு அமைப்புகள் எதுவும் முன்வரவில்லை. அவர் வென்றபோது தோளிலே போர்த்திய கொடி, அவர் விழுந்தபோது அவர்மேல் நிழலாகக்கூட விழவில்லை.

வேறு நாட்டிலே இப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? ஊகிக்க வேண்டியதில்லை. நேர்ந்தது, செய்தார்கள்.

மூன்றே ஆண்டு கழித்து, 2009இல், ஜெர்மனியின் பெர்லின் நகரிலே உலகத் தடகளப் போட்டி. அதே 800 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா, 18 வயதுப் பெண், லிம்போபோ மாநிலத்துச் சிற்றூர்க்காரர், 1 நிமிடம் 55.45 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அவர்மீதும் அதே ஐயம், அதே சோதனை, அதே ஏச்சு, அதே ஏளனம். ஆனால் ஊர் திரும்பியபோது? ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலே ஆயிரக்கணக்கான மக்கள் ஆடிப்பாடி வரவேற்றார்கள்! நாட்டின் குடியரசுத் தலைவரே அழைத்துப் பாராட்டினார். இவள் எங்கள் பெண், எங்கள் பெண்ணைப் பற்றிப் பேச நீ யார் என்று உலகத்தை நோக்கிக் கேட்டது கறுப்பு மக்களின் நாடு. தங்கம் அவரிடமே இருக்கும் என்று அரசே அறிவித்தது.

அந்த நாட்டார் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் தடகளச் சங்கத்துத் தலைவர், பெர்லினுக்குப் போகுமுன்பே அந்தப் பெண்ணுக்குச் சோதனை நடத்திவிட்டு, நடத்தவே இல்லை என்று பொய் சொன்னார். பொய் வெளிப்பட்டது, பதவி பறிபோயிற்று. கவனியுங்கள், தோழர்களே! அங்கே தண்டனை பெற்றது பொய் சொன்ன தலைவர். இங்கே தண்டனை பெற்றது ஓடிய பெண்!

2010இல் செமென்யா மீண்டும் களமிறங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தாய்நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. அங்கே பெற்ற வெள்ளியும், முன்னால் ஓடிய ருஷ்ய வீராங்கனை ஊக்கமருந்து உண்டது மெய்ப்பிக்கப்பட்டபின், தங்கமாயிற்று. 2016 ரியோவிலே மற்றொரு தங்கம். 2018இல் விதி மாறியது. 2019இல் வழக்குத் தோற்றது. 800 மீட்டர்க் களம் அவருக்கு அடைபட்டது. அப்போதும் அவர் ஓயவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார். அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் அந்த நீதிமன்றத்தின் பேராயமே தீர்ப்புரைத்தது. களத்திலே ஓட முடியாதபோதும் நீதிமன்றப் படிகளிலே ஏற முடிந்தது. ஏன்? பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

அது வெளிநாடு, நமக்கு எட்டாது என்பீர்களோ? ஒடிசாவைப் பாருங்கள். துத்தி சந்த், ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளர் வீட்டுப் பெண். 2014இல், காமன்வெல்த் போட்டிக்குப் புறப்பட இருந்த நேரத்தில், உடம்பிலே இயற்கையாகச் சுரக்கும் சுரப்பு மிகுதி என்று சொல்லி அணியிலிருந்து நீக்கினார்கள். சாந்திக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. ஆனால் இடையிலே எட்டு ஆண்டு ஓடிவிட்டது. சாந்தியின் கண்ணீரைக் கண்டவர்கள் இந்த முறை வாளா இருக்கவில்லை. அறிஞர்கள் துணைக்கு வந்தார்கள், வழக்கறிஞர்கள் வந்தார்கள், நடுவணரசின் விளையாட்டு ஆணையமே ஆதரவு தந்தது. சுவிட்சர்லாந்து நடுவர் மன்றத்திலே வழக்கு. 2015 ஜூலையில் தீர்ப்பு: விதியை நியாயப்படுத்தப் போதிய சான்று இல்லை, இரண்டாண்டுக்கு விதி நிறுத்திவைக்கப்படுகிறது! துத்தி சந்த் 2016 ஒலிம்பிக்கிலே ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியிலே 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார்.

மூன்று பெண்கள். மூவரும் சிற்றூர்க்காரர்கள். மூவரும் ஏழை எளிய வீட்டார். மூவருக்கும் நேர்ந்தது ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் கொடி ஏந்தினார். ஒருவர் வழக்கிலே வென்றார். ஒருவர் செங்கல் சுமந்தார். வேறுபாடு காலிலா? இல்லை, தோழர்களே, பக்கத்திலே நின்ற கூட்டத்தில்!

தனியாக ஓடுகிறவருக்கே இப்படி என்றால், ஐவர் சேர்ந்து ஆடும் கூடைப்பந்திலே இன்னும் தெளிவாகத் தெரியும். யானிஸ் அண்டெட்டோகும்போ என்றொரு வீரர். நைஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்குக் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரிலே 1994இல் பிறந்தவர். பிறந்த நாடு குடியுரிமை தரவில்லை. 18 வயது வரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். உடன்பிறந்தாரோடு தெருவிலே கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்றுப் பிழைத்த பிள்ளை. ஒரு பயிற்சியாளர் கண்டார். உள்ளூர்க் குழு ஒன்று சேர்த்துக்கொண்டது. 2013இல் அமெரிக்காவின் மில்வாக்கி அணி எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டிலே ஓர் ஆட்டத்துக்குச் சராசரி ஏழு புள்ளிகூட எடுக்கவில்லை. தேறமாட்டான், தள்ளு என்று சொன்னார்களா? பொறுத்தார்கள், உடம்பைத் தேற்றினார்கள், ஆட்டத்தைக் கற்பித்தார்கள். 2019இலும் 2020இலும் அந்நாட்டுத் தொடரின் தலைசிறந்த வீரர் அவரே. 2021இலே வெற்றிக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்திலே ஒருவரே 50 புள்ளி! முதலாண்டுக் கணக்கைப் பார்த்துக் கைவிட்டிருந்தால் அந்த 50 எங்கே?

இங்கே ஒரு கேள்வி எழும். அதையும் மறைக்காமல் எடுத்துக்கொள்கிறோம். பெண்கள் போட்டியிலே ஓடும் மற்றப் பெண்களுக்கும் நியாயம் வேண்டாமா, விதி வேண்டாமா என்பது அந்தக் கேள்வி. வேண்டும். மூன்று கூறு வினாடியில் பின்தங்கிய கசகஸ்தான் பெண்ணும் உழைத்தவர்தானே! விதி எப்படி அமைய வேண்டும் என்று அறிவியலார் இன்றும் வாதிடுகிறார்கள். 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் உலகப் போட்டிகளில் ஓட விரும்புவோருக்கு மரபணுச் சோதனையே கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு ஆணையிட்டுவிட்டது. அந்த வாதத்துக்கு ஓர் ஏட்டின் மூலையிலே முடிவு கட்ட நாம் முனையவில்லை. நாம் கேட்பது வேறு. விதி இருக்கட்டும். என்ன சோதனை என்று சோதிக்கப்படுகிறவருக்கு அவர் தாய்மொழியிலே சொல்லக் கூடாது என்று எந்த விதி சொல்லுகிறது? முடிவை மறைவாகச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் பறைசாற்று என்று எந்த விதி சொல்லுகிறது? ஓட முடியாதவர் உண்ணவும் கூடாது, உயிர் வாழ வேலையும் கூடாது என்று எந்த விதி சொல்லுகிறது? களத்துக்கு விதி உண்டு. கைவிடுவதற்கு விதி கிடையாது!

இனி நம் பக்கம் வருவோம். பதக்கம் பறிபோன சேதி வந்தபின்னும், அன்றைய முதலமைச்சர் கலைஞர், உலகம் என்ன சொன்னால் என்ன, நீ எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லுவதுபோல 15 இலட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வழங்கினார். நாடே முகம் திருப்பிக்கொண்ட நேரத்திலே தமிழ்நாட்டு அரசு முகம் கொடுத்துப் பேசியது. அதிலே நமக்குப் பெருமை உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு சாந்தி என்ன செய்தார்? நகை வாங்கினாரா? புதுக்கோட்டையிலே ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து ஓடக் கற்றுக்கொடுத்தார்!

பெருமையோடு நிறுத்திவிட்டால் நாம் நேர்மையானவர்களல்லர். பரிசு கொடுத்தது ஒரு நாள். அடுத்த நாள்? அதற்கடுத்த நாள்? ஒப்பந்த அடிப்படையிலே பயிற்சியாளர் வேலை கிடைத்தது, நிரந்தரமில்லை, கூலி போதவில்லை. 2012இல் ஏடுகள் ஒரு சேதி எழுதின: ஆசியப் போட்டியிலே வெள்ளி வென்ற சாந்தி, செங்கல் சூளையிலே, நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்கு! எந்தச் சூளையிலிருந்து தாத்தாவும் ஆசிரியரும் அந்தப் பிள்ளையை மீட்டார்களோ, அதே சூளைக்கு ஊர் திருப்பி அனுப்பிவிட்டது. ஆட்சி மாறியது, கட்சி மாறியது, சூளை மாறவில்லை. யாரைக் குறை சொல்ல? எதிர்க்கட்சியை மட்டும் சொல்லித் தப்பிக்கலாமா? அந்த ஆண்டுகளிலே சுவரொட்டி ஒட்டிய நாம், கூட்டம் போட்ட நாம், அந்த வீட்டுக்கு எத்தனை முறை போனோம்? கேட்டுப் பார்த்தால் நமக்கே நாணமாக இருக்கிறது.

பிறகுதான் அசைவு ஏற்பட்டது. பெங்களூருவிலே பயிற்சியாளர் படிப்புப் படித்துத் தேறினார். ஆணையங்களின் கதவைத் தட்டி, நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, பதக்கம் பறிபோய்ப் பத்தாண்டு உருண்டபின், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலே நிரந்தரப் பயிற்சியாளர் வேலை பெற்றார். பதக்கமோ திரும்பவில்லை. பத்தாண்டு! ஓட்டக்காரரின் வாழ்விலே பத்தாண்டு என்பது முழு வாழ்வு.

இந்த மாவட்டத்துக்குத் துணை நிற்கத் தெரியாதா? தெரியும், நன்றாகத் தெரியும். 1886இல் புதுக்கோட்டையிலே பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் படிக்கும் மன்னர் கல்லூரியிலே சேர வந்தபோது, பெண் படிப்பதா என்று குதித்தார்கள். தாயின் குலத்தைச் சொல்லிப் பழித்தார்கள். எதிர்ப்புக்கிடையே மன்னர் இடம் கொடுத்தார். தந்தை துணை நின்றார். அந்தப் பெண் 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்தார். தேவதாசி முறையை எதிர்த்து முழங்கினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தந்தார்.

அதுபோகட்டும், நம் கண்ணெதிரே நடந்ததைச் சொல்லுவோம். 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் நடந்ததே! மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்யும் பெண்கள், பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் மிதிக்கக் கற்றார்கள். முதலில் ஒரு பெண் மிதித்தபோது சிரித்தார்கள், சீட்டி அடித்தார்கள். ஊரே மிதித்தபோது சிரிப்பதற்கு ஆளில்லை! ஒருத்தி ஏறினால் அது வேடிக்கை. ஊரே ஏறினால் அது வழக்கம். தனி மரம் தோப்பாகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். பெரிய திட்டமல்ல, கையிலே காசு வேண்டியதில்லை. உங்கள் ஊரிலே ஓடுகிற பெண், பந்து ஆடுகிற பையன், குண்டு எறிகிற பிள்ளை யாரென்று தெரிந்து வையுங்கள். அந்த வீட்டிலே அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். மாவட்டப் போட்டிக்குப் போகும்போது ஒருவர் கூடப் போங்கள். ஆங்கிலத்திலே கடிதம் வந்தால் படித்துத் தமிழிலே சொல்ல ஓர் ஆளை வையுங்கள். புரியாத தாளிலே கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞர் அணித் தோழரிடம் அழைத்துச் செல்லுங்கள். வென்று வந்தால் மாலை போடுங்கள். தோற்று வந்தாலும் தவறாமல் போய்ப் பாருங்கள். பழி சுமந்து வந்தால் முதல் ஆளாகப் போங்கள். மாலை போடும் கூட்டத்திலே நீங்கள் இல்லாவிட்டாலும் குறையில்லை. பழி வந்த நாளிலே வாசற்படியிலே நீங்கள் நிற்க வேண்டும்.

கத்தக்குறிச்சியின் மண்தரையிலோ, ஆலங்குடிப் பள்ளித் திடலிலோ, அறந்தாங்கித் தெருவிலோ, இன்று மாலை ஒரு பிள்ளை வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கும். ஓட அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதற்கு நாம் தேவையில்லை. அது விழும் நாளிலே பிடித்து நிறுத்தத்தான் நாம் தேவை. சாந்திக்கு நாம் பட்ட கடன், அந்தப் பிள்ளைக்குச் செலுத்தினால் தீரும். செலுத்துவோமா, தோழர்களே?